தோப்பு வண்டிக்குக் கரண்ட் மோட்டார்: கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்



பொங்கலன்று நான் போட்ட வீடியோவில், தம்பியின் பழைய பிக்கப் வண்டி புகையும் சத்தமும் இல்லாமல் தென்னந்தோப்புக்குள் போவதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். "டீச்சர், எவ்வளவு ஆச்சு?" என்று பாதிப் பேர். "அத்தை, எங்க வண்டியையும் மாத்தித் தருவீங்களா?" என்று மீதிப் பேர். தனித்தனியாகப் பதில் அடிக்க என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே மொத்தமாக இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். 45 நிமிடப் பீரியடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் கதை உறவினர்களுக்குத் தெரியும். 2006இல் தம்பி அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினான். பொள்ளாச்சிச் சந்தைக்குக் காய் ஏற்றியது, கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் ஏற்றியது, இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது எல்லாம் அதே வண்டிதான். போன வருடம் ஆடி மாதம் இன்ஜின் படுத்துவிட்டது. வயதான இன்ஜின், யாரையும் குறை சொல்வதற்கில்லை. திரும்ப வேலை செய்ய 75,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அப்படியே பழைய இரும்புக்குப் போட்டால் 40,000 கிடைக்கும் என்றார்கள்.

தம்பி என்னிடம் வந்து, "அக்கா, நீதான் எல்லாத்துக்கும் கணக்குப் போடுவியே, இதுக்கும் போடு. ஆனா ரெண்டு லட்சத்துக்கு மேல எங்கிட்ட ஒத்தப் பைசா கிடையாது" என்றான்.

நான் முதலில் கணக்குப் போடவில்லை. 20 ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் இரவல் வண்டியை வைத்து வேலையை ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு நடையும் எழுத வேண்டும்: எங்கிருந்து எங்கே, என்ன பாரம், எத்தனை கிலோமீட்டர். அவன் முகம் சுளித்தான். "வண்டி வாங்கறவன் எவன்க்கா நோட்டுப் போடறான்?" என்றான். நோட்டைத் தம்பி மனைவி வாங்கிக்கொண்டாள். 30 நாளும் ஒரு நாள் விடாமல் எழுதியவள் அவள்தான்.

அந்த நோட்டு சொன்னது இதுதான். வண்டி சராசரியாக ஒரு நாளைக்கு 11 கிலோமீட்டர் ஓடியது. காய் வெட்டு நாளில் மட்டும் 19 கிலோமீட்டர். இதெல்லாம் 12 ஏக்கர் தோப்புக்குள்ளேயே: மரத்தடியிலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து கொட்டகைக்கு, சாணிக் குழியிலிருந்து கடைசி வரப்புக்கு. பெரிய பாரம் என்றால் மட்டையோடு 600 காய், ஏறக்குறைய 800 கிலோ. வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டியதே இல்லை. மாதம் முழுக்க ரோட்டில் ஏறியது மூன்றே முறை. இப்போதெல்லாம் வியாபாரிகளே களத்துக்கு வந்து காய் எடுத்துக்கொள்கிறார்கள் அல்லவா?

இங்கேதான் பாடம் இருக்கிறது. கரண்ட் வண்டி என்றதும் எல்லோரும் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பது. முதலில் கேட்க வேண்டியது, "எனக்கு எத்தனை கிலோமீட்டர் வேண்டும்?" என்பது. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் எங்கள் விஷயத்தில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

வண்டியை இழுக்க எவ்வளவு விசை வேண்டும்? ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கொப்பரை மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று களத்தில் இருக்கிறது. வண்டியை நியூட்ரலில் போட்டு, முன்னால் கயிறு கட்டி, கயிற்றுக்கு நடுவில் தராசை மாட்டி, நாலு பேரைச் சீராக இழுக்கச் சொன்னேன். தோப்பு மண்ணில் காலி வண்டிக்கு 48 கிலோ காட்டியது. 800 கிலோ பாரத்தோடு 80 கிலோ காட்டியது.

80 கிலோ இழுவை என்றால் 784 நியூட்டன். அதே விசையோடு 1 கிலோமீட்டர் போனால் 7,84,000 ஜூல். மின்வாரியத்தின் 1 யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே பார வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 0.22 யூனிட். மோட்டார், கியர்பாக்ஸ், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து தின்பது கால் பங்கு என்று வைத்தால் 0.29. காலியாகத் திரும்பும்போது 0.17. போக வரச் சராசரி 0.23 யூனிட்.

வெட்டு நாளின் 19 கிலோமீட்டரை இதனால் பெருக்குங்கள். 4.4 யூனிட். அவ்வளவுதான் எங்கள் தேவை.

பேட்டரி விற்பவர் இதைவிட இரண்டு மடங்கு பெரிய பேட்டரியைக் காட்டி, "எதுக்கும் இருக்கட்டுங்க மேடம்" என்றார். நோட்டைத் திறந்து காட்டினேன். சிரித்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போனார். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி செல் 24 எடுத்தோம். வரிசையாக இணைத்தால் 76.8 வோல்ட், 7.68 யூனிட். அதில் 80 சதவீதம்தான் எடுப்பது என்று விதி வைத்துக்கொண்டால் 6.1 யூனிட். வெட்டு நாளுக்குப் போகவும் கையிருப்பு இருக்கும். பெரிய பேட்டரி எடுத்திருந்தால் இன்னும் ஒரு லட்சம் போயிருக்கும். 20 ரூபாய் நோட்டு மிச்சம் பிடித்த பணம் அது.

"லெட் ஆசிட் பேட்டரி போட்டால் இன்னும் மலிவாச்சே டீச்சர்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வாங்கும்போது மலிவுதான். அதை ஒவ்வொரு முறையும் பாதிக்குக் கீழே வற்ற விட்டால் சீக்கிரம் செத்துவிடும். அதனால் தேவையைப் போல இரண்டு மடங்கு வாங்க வேண்டும். எடையும் முன்னூறு கிலோவைத் தாண்டும். எங்கள் 24 செல்லும் சேர்ந்து 50 கிலோ சொச்சம். மேலும் லித்தியத்தில் இந்த இரும்பு பாஸ்பேட் வகை, சூட்டில் மற்ற வகைகளைவிட நிதானமானது. நம் ஊர் வெயிலுக்கு அந்த நிதானம் முக்கியம்.

மோட்டார் கோயம்புத்தூரில் கிடைத்தது. ஃபோர்க்லிஃப்டில் இருந்து கழற்றிய 72 வோல்ட், 5 கிலோவாட் டி.சி. சீரிஸ் மோட்டார், 18,000 ரூபாய். "இவ்வளவு பெரிய வண்டிக்கு 5 கிலோவாட் போதுமா?" என்று தம்பிக்குச் சந்தேகம். 784 நியூட்டனை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தால் பெருக்கினால் 3.3 கிலோவாட்தான் வருகிறது. களத்துக்கு ஏறும் மேட்டில் விசை மூன்று மடங்காகும். அங்கே முதல் கியர் போட்டு மெதுவாக ஏறினால் அதே மோட்டார் போதும். பழைய கியர்பாக்ஸைக் கழற்றி எறியாமல் வைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். ரிவர்ஸ் கியரும் அதிலேயே இருப்பதால், மோட்டாரைத் திருப்பிச் சுற்ற வைக்கும் செலவும் மிச்சம்.

மோட்டாரையும் கியர்பாக்ஸையும் ஒட்ட வைத்தவன் யார் தெரியுமா? 1998 பேட்ச், கடைசி பெஞ்ச். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். 20 வருடமாக டீசல் மெக்கானிக். பழைய கிளட்ச் பிளேட்டின் நடுவில் பல் வெட்டிய குழல் இருக்குமே, அதை அறுத்து எடுத்து, லேத்தில் கொடுத்து, மோட்டார் தண்டுக்குப் பொருந்துகிற மாதிரி இணைப்பு செய்தான். புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தால் இரண்டு மடங்கு ஆகியிருக்கும். அச்சு இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை டயல் கேஜை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். "டீச்சர், இது மயிரிழை தப்பினாலும் ஆறு மாசத்துல பேரிங்கு போயிரும்" என்றான். எனக்குத் தெரிந்தது சூத்திரம். அவன் கைக்குத் தெரிந்தது இரும்பு.

வேலை முடிந்த அன்று மதியம் களத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கேட்ட கேள்வி இன்னும் என் மனதில் இருக்கிறது. "டீச்சர், எல்லாரும் இப்படி மாத்திட்டா என் பொழப்பு?" விளையாட்டாகக் கேட்கவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் குழந்தைகள். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் இதெல்லாம் எந்த வண்டிக்கும் தேய்ந்துதான் ஆகும் என்றேன். இன்ஜெக்டர் வேலையும் இன்ஜின் வேலையும் குறையும், அதை மறைக்க மாட்டேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப அந்த லக்கு அடிக்கறத எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றான். அன்று சாயங்காலம் 12 லக் அவனே அடித்தான். இப்போது அவன் பட்டறையில் அதற்கான கருவி ஒன்று சொந்தமாக இருக்கிறது.

இனி, சிக்கனம் செய்யக்கூடாத இடம். இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

செலவு இரண்டு லட்சத்தைத் தொடும்போது தம்பி பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒரு ஃபியூஸுக்கு 3,500 ரூபாயாக்கா? வீட்டுல கம்பி சுத்திக்கறோமே, அதே மாதிரி சுத்திட்டா ஆகாதா?" என்றான். ஆகாது கண்ணு. வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம். நொடிக்கு 100 முறை அது பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போகும். அறுந்த இடத்தில் பொறி எழுந்தாலும் அந்தப் பூஜ்ஜியத்தில் அணைய வாய்ப்பு உண்டு. பேட்டரி கொடுப்பது நேர்மின்சாரம். அதற்குப் பூஜ்ஜியம் என்பதே கிடையாது. பொறி எழுந்தால் எரிந்துகொண்டே இருக்கும். இந்த 24 செல்லையும் தப்பித்தவறிக் குறுக்கே இணைத்துவிட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதனால் நேர்மின்சாரத்துக்கென்றே செய்த ஃபியூஸ், நேர்மின்சாரத்துக்கென்றே செய்த கான்டாக்டர், ஓட்டுநர் கைக்கு எட்டும் சிவப்பு அவசர சுவிட்ச். இந்த மூன்றிலும் பேரம் பேசவே கூடாது.

லக் சரியாக அடிக்காவிட்டால் என்ன? ஒரு மூட்டில் 5 மில்லி ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். பாரத்தோடு கிளம்பும்போது 200 ஆம்பியர் பாயும். மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்குங்கள்: 200 வாட். கட்டைவிரல் அளவு மூட்டில் 200 வாட் சூடு! உறை உருகும், பிறகு தீ. பத்தாம் வகுப்பில் ஜூலின் விதி எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

செல்களைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். பலகை ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு செல் அளவுக்கு மீறி ஏறினாலும் இறங்கினாலும் துண்டித்துவிடும். 9,500 ரூபாய். அது இல்லாமல் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த வண்டிக்குப் பக்கத்தில்கூட நிற்காதீர்கள்.

சென்னையில் மின்வாகன வேலையில் இருக்கும் என் மாணவி ஒருத்தி, நான் வரைந்து அனுப்பிய சர்க்யூட்டைப் பார்த்து, "டீச்சர், கான்டாக்டரோட ஒரு ப்ரீசார்ஜ் ரெசிஸ்டரும் வையுங்க" என்று திருத்தி அனுப்பினாள். கன்ட்ரோலருக்குள் பெரிய மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை காலியாக இருக்கும்போது நேரடியாக இணைத்தால், பாயும் மின்னோட்டத்தில் கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும். ஒட்டிக்கொண்டால் சுவிட்சை அணைத்தாலும் மின்சாரம் நிற்காது. அவளுக்கு நான் நடத்திய பாடத்தை அவள் எனக்கு நடத்தினாள். ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

இன்னும் இரண்டு விஷயம். சீரிஸ் மோட்டாரைச் சுமையில்லாமல் சுற்ற விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய்த் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும். அதனால் கியர் நியூட்ரலில் இருந்தால் ஆக்சிலேட்டர் வேலை செய்யாதபடி கம்பத்தடியில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறோம். அடுத்து, இன்ஜின் போனால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் கூடவே போய்விடும். 12 வோல்ட் வாக்குவம் பம்பு ஒன்று மாட்டிய பிறகுதான் வண்டியை முதல்முறை நகர்த்தவே சம்மதித்தேன். வேலை செய்தவர்கள் எல்லோரும் மோதிரம், வாட்ச், வெள்ளி அரைஞாண்கொடி உட்பட அனைத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேட்டரிப் பெட்டியைத் தொட்டார்கள்.

செலவுக் கணக்கு கேட்டவர்களுக்கு: செல் 1,03,200. கன்ட்ரோலர் 32,000. மோட்டார் 18,000. ஃபியூஸ், கான்டாக்டர், கேபிள், லக் எல்லாம் 17,000. கூலி 15,000. சார்ஜர் 12,000. லேத் வேலை 11,000. வாக்குவம் பம்பும், விளக்கு, ஹாரனுக்கு 12 வோல்ட் கொடுக்கும் கன்வெர்ட்டரும் 10,500. பி.எம்.எஸ். 9,500. பெட்டி, வெல்டிங் 8,000. ஆக 2,36,200. பழைய இன்ஜின், ரேடியேட்டர், டீசல் டேங்க் விற்றதில் 26,000 வந்தது. கையிலிருந்து போனது 2,10,200. தம்பி போட்ட கோட்டைப் பத்தாயிரம் தாண்டிவிட்டோம். அந்தப் பத்தாயிரத்தை அக்கா சீர் என்று நானே கொடுத்துவிட்டேன்.

இனி எல்லோரும் கேட்காமல் விட்ட கேள்வி: ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. டீசல் வண்டியை மின்வண்டியாக்கிச் சாலையில் ஓட்ட வேண்டுமென்றால் ஏ.ஐ.எஸ்.-123 தரப்படி, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் ஒப்புதல் பெற்ற கிட் வேண்டும். அங்கீகாரம் பெற்றவர்தான் மாட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றி எழுத வேண்டும். களத்தில் உட்கார்ந்து நாங்கள் செய்த வேலைக்கு அந்த ஒப்புதல் கிடையாது. அதனால் வண்டியைச் சாலையிலிருந்து முறைப்படி விலக்கி, ஆர்.சி.யை ஒப்படைத்துவிட்டோம்.

சொல்வதற்கு ஒரு வரி. தம்பிக்கு அது ஒரு வரியாக இல்லை. நம்பர் பிளேட்டைக் கழற்றும்போது அவன் கை நின்று நின்று போனது. "காட்டை எழுதிக் குடுத்த மாதிரி இருக்குதுக்கா" என்றான். ரோட்டில் அவனை வண்டி நம்பரை வைத்துத்தான் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியும். நான் சமாதானம் சொல்லவில்லை. நோட்டில் அந்த மூன்று ரோட்டு நடையை மட்டும் காட்டினேன். மூன்று நடைக்கு வாடகை வண்டி வைக்கும் செலவும், வருடா வருடம் இன்ஷூரன்ஸ், எஃப்.சி., வரி என்று கட்டிய பணமும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. முடிவு அவனுடையது. பிளேட்டைத் துடைத்துச் சாமி அறையில் வைத்திருக்கிறான். ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைப்பானாம்.

இன்னொரு சபலமும் வந்தது. தோப்புக் கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கிறதே, அதிலேயே சார்ஜ் போட்டால் என்ன? அது பாசனத்துக்குக் கொடுத்த மின்சாரம். தண்ணீருக்கென்று கொடுத்ததை வண்டிக்கு எடுத்தால் திருட்டுத்தான். வீட்டு இணைப்பிலிருந்துதான் சார்ஜ் போடுகிறோம். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம்தான் வரும். டீசல் என்றால் தோப்பு மண்ணில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கணக்கில் 38,000 வரை ஆகியிருக்கும். இன்ஜின் வேலைக்கு ஆகியிருக்கும் 75,000ஐக் கழித்துப் பார்த்தால், கூடுதலாகப் போட்ட பணம் திரும்ப நான்கு வருடம் ஆகும். செல்கள் அதைவிட அதிக வருடம் தாங்கக்கூடியவை.

கணக்கில் வராத லாபம் ஒன்று உண்டு. தம்பி மனைவிக்கு டீசல் வண்டியின் கிளட்சும் உதறலும் ஆகவே ஆகாது. 20 வருடமாக அந்த ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. இதில் கிளட்சே இல்லை. இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் நாள் முழுக்க அப்படியே ஓடும். முதல் வாரமே தீவனக் கட்டு ஏற்றிக்கொண்டு அவளே கொட்டகைக்கு வந்து நின்றாள். இப்போது பாதி நடை அவளுடையது. "அண்ணி, நோட்டு எழுதும்போதுதான் தெரிஞ்சுது, தினமும் ரெண்டு மணி நேரம் இவருக்காகக் காத்துக்கிட்டு நின்னிருக்கேன்" என்றாள். முறையாக லைசென்ஸும் எடுக்கப் போகிறாள்.

எனவே, "எங்க வண்டியையும் மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டவர்களுக்கு: நான் மாற்றித் தர மாட்டேன் கண்ணுகளா, எனக்கும் வயது 67. தினமும் சாலையில் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் இந்த வழிக்கே வராதீர்கள். ஒப்புதல் பெற்ற கிட்டையோ, கம்பெனியிலிருந்து வரும் மின்வண்டியையோ பாருங்கள். வேலிக்குள்ளேயே சுற்றும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். 30 நாள் எழுதுங்கள். தொங்கு தராசில் இழுத்துப் பாருங்கள். அந்த நோட்டோடு வந்தால் எத்தனை மணி நேரமானாலும் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன். காபியும் உண்டு. நோட்டு இல்லாமல் வந்தால் காபி மட்டும்தான்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் டீச்சர்